அருளம்பலத்தின் திவசத்துக்குக் கொழும்பு போனேன்

ஒன்பதரைக்கு வவுனியாவுக்கு வரவேண்டிய ரயில் பத்தேகாலுக்குத்தான் வந்தது. மாசி மாதத்து வெள்ளிக்கிழமை. வவுனியாவிலிருந்து பதினொரு மைல் உள்ளே, காட்டு ஓரத்தில் இருக்கும் ஒரு சிறிய அரசாங்க மருந்துச்சாலையில் நான் அப்போதிக்கரியாக இருக்கிறேன். டாக்டர் போக விரும்பாத ஊர்களில் அப்போதிக்கரிதான் டாக்டர். மலேரியாக் காலமென்று சொல்லி, பத்து நாள் கேட்ட லீவில் நாலு நாள்தான் தந்தார்கள். கையில் ஒரு தோல்பெட்டி, இரண்டு போத்தல் காட்டுத்தேன், என் அரிசிக் கூப்பன் புத்தகம். யுத்தம் முடிந்து ஒன்றரை வருடமாகியும் விருந்தாளி தன் கூப்பனைத் தானே கொண்டுபோக வேண்டியிருந்தது.

என்னை அழைத்தது இராசதுரையின் கடிதம். அவனும் நானும் கொழும்பில் ஒரே கல்லூரியில், ஒரே விடுதியில் படித்தவர்கள். இப்போது அவன் ஒரு அரசாங்கக் கந்தோரில் தலைமைக் கிளாக்கர், வெள்ளவத்தையில் வீடு. "ஞாயிற்றுக்கிழமை அருளம்பலத்தின் இருபதாவது திவசம். நாங்கள் கல்லூரியை விட்டும் முப்பது வருடமாகிறது. அண்ணனோடு படித்தவர்கள் ஒரு பந்தியில் இருந்து சாப்பிடவேண்டுமென்று பூரணம் ஆசைப்படுகிறாள்" என்று எழுதியிருந்தான். பூரணம் அவன் மனைவி. அருளம்பலத்தின் ஒரே தங்கை. அருளம்பலம் எங்கள் வகுப்பில் எல்லாருக்கும் பிரியமானவன். சுங்கக் கந்தோரில் உத்தியோகம் பார்த்துக்கொண்டிருந்தவன் திடீரென்று மலாயாவுக்குப் போனான். போன நாலாம் மாதம் அங்கே காய்ச்சலில் செத்துவிட்டான் என்று செய்தி வந்தது. அப்போது அவனுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை.

ரயிலில் எனக்கு எதிரே கொழும்பில் சாரத் துணி வியாபாரம் செய்யும் முஸ்லிம் பெரியவர் ஒருவர் இருந்தார். எங்கே பயணம் என்று விசாரித்தார். கூடப் படித்தவர்களைப் பார்க்கப் போவதாகச் சொன்னேன்.

"இப்ப எத்தனை பேர் ஈக்கிறாங்க?" என்று கேட்டார்.

விரல்விட்டு எண்ணினேன். தமிழ்ப் பையன்கள் ஒன்பது பேர் இருந்தோம். இருவர் இறந்துபோனார்கள், அருளம்பலத்தோடு மூவர். ஒருவன் மலாயாவில், ஜப்பான்காரன் வந்ததற்குப் பிறகு அவனைப் பற்றித் தகவலே இல்லை. ஒருவன் நீதவானாகிவிட்டான், கடிதங்களுக்குப் பதில் போடுவதில்லை. ஒருவன் குடியால் வேலை போய் ஊரில் தம்பி வீட்டில் கிடக்கிறான். மிஞ்சியவர்களில் நான் முகம் பார்க்கக்கூடியவர்கள் இராசதுரையும், கொட்டாஞ்சேனைச் சவிரிமுத்துவும்தான். இதைச் சொன்னபோது பெரியவர் உச்சுக் கொட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மாகோவில் அரை மணி நேரம் நின்றோம். பொல்காவலையில் ஒரு தேத்தண்ணீர் குடித்தேன். பத்துச் சதம், சீனி இல்லை.

மாலை ஆறு மணிக்குக் கொழும்புக் கோட்டை ஸ்டேஷன். நூற்றைம்பது மைலுக்குக் கொஞ்சம் கூட. அங்கிருந்து கரையோர ரயிலில் ஐந்து மைல் வெள்ளவத்தைக்கு. அலை தண்டவாளத்துக்குக் கீழே கல்லில் அடித்துச் சிதறியது. வண்டிக்குள் கந்தோர் முடிந்து திரும்பும் கிளாக்கர்மார், கையில் குடையும் மடித்த பத்திரிகையுமாக நின்றுகொண்டே தூங்கினார்கள். நாங்களும் இப்படி ஆகவே ஆசைப்பட்டுப் படித்தோம்.

இராசதுரை ஸ்டேஷனுக்கு வந்திருந்தான். தலை முழுக்க நரைத்துவிட்டது. வீடு காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவே ஒரு ஒழுங்கையில். கடற்காற்றில் ஜன்னல் கம்பியெல்லாம் துரு. பூரணம் வாசலுக்கு வந்து, "வாங்கோ நாகலிங்கம் அண்ணை" என்றாள். கலியாணத்தன்று பார்த்த மெலிந்த பெண், இப்போது இரண்டு பிள்ளைகளின் தாய். மூத்தவள் கமலாவுக்கு வைகாசியில் கலியாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை எஞ்சினியர். அதைச் சொல்லும்போது மட்டும் இராசதுரையின் முகம் தெளிந்தது. கூடத்தில் அருளம்பலத்தின் படம் மாட்டியிருந்தது. கல்லூரிக் கோட்டோடு, சிரிப்பை அடக்கமுடியாத முகம். படத்துக்கு நந்தியாவட்டைப் பூ வைத்திருந்தார்கள்.

சாப்பிடும்போது சவிரிமுத்து வருவானா என்று கேட்டேன். அவன் பத்துப் பதினொரு வருடமாகத் திவசத்துக்கு வருவதில்லை என்று பூரணம் வருத்தப்பட்டாள். "நீங்கள் போய்க் கூப்பிட்டால் வருவார், அண்ணை" என்றாள். நான் போகிறேன் என்றேன். இராசதுரை நிமிர்ந்து பார்த்தான். சவிரிமுத்து வேதக்காரன், கிறிஸ்தவனுக்குத் திவசச் சாப்பாடு ஆகாது, வீண் அலைச்சல் என்று சொன்னான். நான் அதைப் பொருட்படுத்தவில்லை.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குப் புறப்பட்டேன். வெள்ளவத்தையிலிருந்து புறக்கோட்டைக்குப் பஸ்ஸில் பதினைந்து சதம். அங்கிருந்து டிராமில் ஏறி, பாதி வழியில் இறங்கிக் கொட்டாஞ்சேனைக்கு நடந்தேன். துறைமுகத்துக் கரித்தூசு அந்தப் பக்கத்து வீட்டுச் சுவர்களை எல்லாம் ஒரே நிறமாக்கியிருந்தது. கூப்பன் கடை வாசலில் பெண்கள் பையோடு வரிசையில் நின்றார்கள். சிவன் கோவில் மணியும் மாதா கோவில் மணியும் ஒன்றையொன்று முந்தப் பார்த்தன. ஜம்பட்டா வீதிக்குப் பக்கத்துச் சந்தில், ஒட்டிய வரிசை வீடுகளில் ஆறாவது சவிரிமுத்துவுடையது.

அவன் துறைமுகத்தில் கப்பல் சரக்கு எண்ணும் கிளாக்கர். பெண்சாதி செத்து மூன்று வருடம். பிள்ளைகள் ஆளுக்கொரு திசை. சட்டையில்லாமல் வாசற்படியில் இருந்து சவரம் செய்துகொண்டிருந்தவன், என்னைக் கண்டதும் பாதி முகத்துச் சோப்போடு எழுந்து வந்து கட்டிக்கொண்டான். பாண் வெட்டி, தேத்தண்ணீர் ஊற்றினான். அரை மணி நேரம் பழைய கதைதான். பிறகு நான் வந்த காரியத்தைச் சொன்னேன். நாளைக்குப் பன்னிரண்டு மணிக்குப் பந்தி. அருளம்பலத்துக்காக நீ வரவேண்டும்.

அவன் கோப்பையைக் கீழே வைத்தான்.

"உயிரோட இருக்கிறவன்ட திவசச் சோத்தை நான் தின்னமாட்டன் மச்சான்" என்றான்.

எனக்கு உடனே விளங்கவில்லை. அவன் ஒவ்வொன்றாகச் சொன்னான். பதினொரு வருடங்களுக்கு முன் ஒரு நத்தார்ப் பண்டிகை நேரம், பங்குக் கோவில் ஆட்களோடு ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் குஷ்டரோக ஆஸ்பத்திரிக்கு நோயாளிகளுக்குக் கேக் கொடுக்கப் போயிருக்கிறான். ஒரு வார்டில் ஒருவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, கேக் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறான். முகம் அடையாளம் தெரியவில்லை. குரல் தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து மாதம் ஒருமுறை சவிரிமுத்து அங்கே போய்வருகிறான்.

"அப்ப மலாயா?" என்று கேட்டேன்.

"அவன் மலாயாவுக்குக் கப்பலே ஏறல்ல."

இராசதுரைக்குத் தெரியுமா என்று கேட்டேன். தொடக்கத்திலிருந்தே தெரியும் என்றான். பூரணத்துக்குத் தெரியாது. சொல்லிவிட்டுச் சட்டையைப் போட்டுக்கொண்டான். "வா. நேரே பார். பிறகு திவசத்துக்குப் போறதா இல்லையா எண்டு நீயே முடிவெடு."

பதினொரு மணிக்கு மட்டக்குளிக்குப் பஸ் எடுத்தோம். இரண்டு மைல்தான், பஸ் நின்று நின்று போனதில் அரை மணி நேரம் பிடித்தது. மீன்வாடிகளைக் கடந்து ஆற்றங்கரைக்கு நடந்தோம். களனி ஆறு கடலில் விழப்போகும் இடம். தண்ணீர் கலங்கல் மண்ணிறம். தோணிக்காரன் சிங்களவன், சவிரிமுத்துவைத் தெரிந்தவன். இன்றைக்கு முதல் ஞாயிறு இல்லையே, மாத்தையா ஏன் வருகிறார் என்று சிங்களத்தில் கேட்டான். ஒரு கூட்டாளி தூரத்திலிருந்து வந்திருக்கிறார் என்று சவிரிமுத்து பதில் சொன்னான். ஆளுக்கு மூன்று சதம். அக்கரையிலிருந்து தென்னந்தோப்புகளுக்கு நடுவே முக்கால் மைல் நடை.

நான் அப்போதிக்கரி. அந்த நோயைப் பற்றிப் படித்திருக்கிறேன், ஆரம்ப நிலையில் இருந்த சிலரை இந்த ஆஸ்பத்திரிக்கு எழுதி அனுப்பியும் இருக்கிறேன். பார்த்த மாத்திரத்தில் தொற்றாது, பரம்பரையாக வராது என்று என் ஊர் ஆட்களுக்குச் சொல்லுகிறவன் நான். இருந்தும் வாசலைத் தாண்டி உள்ளே நடக்கும்போது என் கை இரண்டும் முதுகுக்குப் பின்னால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன்.

பெரிய மரங்களும் நீளமான பழைய கட்டடங்களும் கூட்டித் துப்புரவாக்கிய முற்றமுமாக இடம் அமைதியாக இருந்தது. ஒரு கன்னியாஸ்திரி எங்களை விறாந்தைக்கு அழைத்துப்போனார். நாற்காலியில் ஒருவன் இருந்தான். புருவம் இல்லை, மூக்குத் தண்டு இறங்கியிருந்தது. கைகளைச் சாரத்தின் மடிப்புக்குள் மறைத்திருந்தான். சவிரிமுத்து குனிந்து, "நாகலிங்கம் வந்திருக்கிறான்" என்றான்.

நாற்காலியில் இருந்தவன் முகத்தை என் பக்கம் திருப்பினான். பிறகு எங்கள் லத்தீன் வாத்தியாரின் மூக்கால் பேசும் குரலில், இங்கிலீஷில், "நாகலிங்கம், நீ முப்பது வருடம் பிந்தி வந்திருக்கிறாய், பெஞ்சியில் ஏறி நில்" என்றான். அந்தக் குரலை வைத்து அவன் விடுதி முழுவதையும் சிரிக்கவைப்பான். நான் சிரித்தேன்.

"கிட்ட வா. எட்ட நிண்டால் நிழல் மாதிரித்தான் தெரியுது" என்றான்.

கிட்டப் போய்ப் பார்த்தேன். இமைகள் மூடும் சக்தியை இழந்திருந்தன. இடது கருவிழி முழுவதும் வெள்ளை. வலது விழியின் கீழ்ப்பாதி மங்கத் தொடங்கியிருந்தது. இந்தப் பார்வைக்கு இரண்டு மாதம், மிஞ்சினால் மூன்று மாதம் என்று மனம் கணக்குப் போட்டது. டாக்டரும் அதையேதான் சொன்னாராம்.

எப்படி நடந்தது என்று அவனே சொன்னான். தோளில் ஒரு வெளிறிய திட்டு வந்ததும் சொந்தக்காரர் இல்லாத ஊராகப் பார்த்து டாக்டரிடம் காட்டினான். அப்போது பூரணத்துக்கும் இராசதுரைக்கும் கலியாணம் பேசி முடிந்திருந்தது. தகப்பன் இல்லாத குடும்பம். செய்தி வெளியே வந்தால் இந்தக் கலியாணம் மட்டுமல்ல, எந்தக் கலியாணமும் அவளுக்கு நடக்காது. இராசதுரையைத் தனியே கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னான். அவன் கலியாணத்தை நிறுத்தவில்லை. தெரிந்தே அவளைக் கட்டினான். மலாயா, காய்ச்சல், சாவு எல்லாம் அருளம்பலத்தின் யோசனை. இராசதுரை அதை நிறைவேற்றினான்.

"சாக வேண்டியது ஏன்? மலாயாவிலை இருக்கிறன் எண்டு விட்டிருக்கலாமே" என்று கேட்டேன்.

"உயிரோட இருக்கிறன் எண்டால் கடிதம் எழுதுவினம், தேடுவினம். செத்தவனை ஒருத்தரும் தேடாயினம்" என்றான்.

தாய் ஒரு வருடத்துக்குள் போய்ச் சேர்ந்ததை அவன் பிறகு சவிரிமுத்து மூலம்தான் அறிந்தான். அதைப் பற்றி அதிகம் பேசவில்லை. திவசத்தைப் பற்றி விசாரித்தான். பூரணம் என்ன கறி வைப்பாள், வாழைக்காயா, கத்தரிக்காயா? பால்கத்தரிக்காய் என்று சவிரிமுத்து தான் முன்பு சாப்பிட்டதைச் சொன்னான். அருளம்பலம் தலையை ஆட்டினான். கையில் உணர்ச்சி இருந்த வரையில் மற்ற நோயாளிகளுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்துவந்ததாகவும், இப்போது வாயால் சொல்லி இன்னொருவனை எழுதவைப்பதாகவும் சொன்னான்.

மூன்று மணிக்கு மணி அடித்தது. பார்வை நேரம் முடிந்தது. நான் எழுந்தபோது அவன், "ஒரு விசயம் நாகலிங்கம்" என்றான். "இருபது வருசம் நான் ஒண்டும் கேக்கேல்லை. இப்ப கேக்கிறன். இந்தக் கண் போகமுன்னம் பூரணத்தை ஒருக்கால் பாக்கவேணும். கிட்ட வரவேண்டாம். அந்த மரத்தடியிலை நிண்டாலும் போதும். இராசதுரையிட்டைச் சொல்லு. சவிரி சொன்னால் அவன் கேக்கிறானில்லை."

சொல்லுகிறேன் என்றேன். கை கொடுக்கவில்லை. அவனும் கையை வெளியே எடுக்கவில்லை.

மாலை ஐந்தரைக்கு வெள்ளவத்தை வந்துசேர்ந்தேன். கடற்கரையில் நடந்துவருவோம் என்று இராசதுரையைக் கூப்பிட்டேன். தண்டவாளத்தைக் கடந்து கல்லில் இருந்தோம். நூல் ஆலையில் சங்கு ஊதியது. வேலை முடிந்தவர்கள் காலி வீதியை நிறைத்துக்கொண்டு போனார்கள். அருளம்பலத்தைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன்.

அவன் ஆச்சரியப்படவில்லை. "சவிரியிட்டைப் போறாய் எண்டவுடனை தெரியும்" என்றான்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். கண் இன்னும் மூன்று மாதம் தாங்காது, ஒருமுறை கூட்டிக்கொண்டு போ என்றேன். வைகாசியில் கமலாவின் கலியாணம் என்றான். பூரணத்துக்குத் தெரிந்தால் அவள் அழாமல் இருக்கமாட்டாள்; அழுதால் காரணம் கேட்பார்கள்; மாப்பிள்ளை வீட்டார் ஏற்கனவே எல்லாம் விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள். கலியாணம் முடிந்த கையோடு தானே அவளை அழைத்துப்போவதாகச் சொன்னான். அதற்குள் கண் போய்விடும் என்றேன். தொற்றாத நோய், பரம்பரையில்லாத நோய், இதற்கு ஏன் இவ்வளவு பயம் என்று எனக்குத் தெரிந்த மருத்துவத்தையெல்லாம் சொன்னேன்.

அவன் திரும்பி என்னைப் பார்த்தான். குரலை உயர்த்தவில்லை.

"நான் தெரிஞ்சுகொண்டு அந்த வீட்டிலை கட்டினனான். நீ அப்போதிக்கரி. உனக்கு என்னைவிட நல்லாத் தெரியும். உன்ர மகனுக்கு அந்த வீட்டிலை பொம்பிளை எடுப்பியோ?"

என் மகனுக்கு இருபத்திரண்டு வயது. எடுப்பேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வார்த்தை வரவில்லை. அவன் பதிலுக்காகக் காத்திருந்துவிட்டு எழுந்து, காற்சட்டையில் ஒட்டிய மணலைத் தட்டினான். இருவரும் வீட்டுக்கு நடந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை. காலையிலேயே ஐயர் வந்துவிட்டார். இராசதுரையின் மகன் சிவபாலன் பதினாறு வயதுப் பையன். தான் பார்த்தேயிராத மாமனுக்குத் தர்ப்பை போட்டு எள்ளும் தண்ணீரும் இறைத்தான். இராசதுரை பக்கத்தில் நின்று, ஐயர் கேட்ட பெயரையும் கோத்திரத்தையும் தெளிவாகச் சொன்னான். இருபது வருடமாகச் சொல்லிப் பழகிய குரல். உயிரோடு இருப்பவனுக்கு எள் இறைப்பதைப் பார்த்துக்கொண்டு நான் கதவோரம் நின்றேன். ஏதாவது ஒரு காரணம் சொல்லி வெளியே போயிருக்கலாம். போகவில்லை.

பன்னிரண்டரைக்குப் பந்தி. படத்துக்கு முன் முதல் இலை. கூப்பன் அரிசியிலும் பூரணம் எங்கேயோ நல்ல அரிசி தேடிப் பிடித்திருந்தாள். பால்கத்தரிக்காய், வாழைக்காய்ப் பொரியல், பருப்பு, பாயசம். நான் கொண்டுவந்த தேனையும் ஒரு கிண்ணத்தில் வைத்திருந்தாள். என் இலையில் கத்தரிக்காயை வைத்தபோது, அண்ணைக்கு இது என்றால் உயிர் என்றாள். அதைச் சாப்பிட்டு முடித்தேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு இராசதுரை ஐயரைப் பஸ்ஸுக்கு ஏற்றிவிடப் போனான். பிள்ளைகள் உள்ளே இருந்தார்கள். நான் கூடத்தில் தனியே இருந்தேன். பூரணம் வெற்றிலைத் தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, போகாமல் நின்றாள்.

"அண்ணை, உங்களிட்டை ஒண்டு கேக்கவேணும். இவரிட்டைக் கேட்டால் வேறை கதை கதைப்பார். நீங்கள் வைத்தியம் தெரிஞ்ச ஆள்" என்றாள்.

கேள் தங்கச்சி என்றேன்.

"காய்ச்சலிலை சாகிறவைக்குக் கடைசியிலை நினைவு இருக்குமோ? தனிச்சுக் கிடந்து எங்களைத் தேடியிருப்பாரோ எண்டு ஒவ்வொரு திவசத்துக்கும் நினைக்கிறனான். இருபது வருசமா இது ஒண்டுதான்."

இராசதுரை திரும்பிவரப் பத்து நிமிடமாவது ஆகும். உன் அண்ணன் சாகவில்லை, ஒன்பது பத்து மைலில் இருக்கிறான், உன்னைப் பார்க்கவேண்டும் என்கிறான். இவ்வளவுதான் சொல்லவேண்டியிருந்தது. உள் அறையில் கமலா யாரோடோ சிரித்துப் பேசும் சத்தம் கேட்டது. கலியாணப் புடவை பற்றிய பேச்சு. நேற்றுக் கடற்கரையில் எனக்கு வராத வார்த்தையை நினைத்தேன். என் வீட்டுக்குப் பெண்ணெடுக்கத் துணியாத நான் இன்னொருத்தி கலியாணத்தை எப்படி ஆட்டிப்பார்ப்பது?

"நினைவு இராது தங்கச்சி" என்றேன். "கடுங்காய்ச்சல் எண்டால் நித்திரை மாதிரித்தான். ஒருத்தரையும் தேடியிருக்கமாட்டான்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு நன்றி சொன்னாள். இத்தனை வருடத்துக்குப் பிறகு மனம் ஆறியது என்றாள்.

திங்கட்கிழமை காலை கோட்டையில் ரயில் ஏறினேன். இராசதுரை வந்திருந்தான். நான் பூரணத்திடம் என்ன சொன்னேன் என்று அவனுக்குத் தெரிந்திருக்கவேண்டும். என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். கையை விடுவித்துக்கொள்ளவேண்டும்போல இருந்தது, விடுவிக்கவில்லை. சவிரிமுத்துவிடம் விடைபெறப் போகவில்லை. இராசதுரை மறுத்துவிட்டான் என்று ஒரு தபாலட்டையில் எழுதி ஸ்டேஷன் பெட்டியில் போட்டேன். நான் மறைத்ததை எழுதவில்லை. மாகோ தாண்டியதும் தென்னை குறைந்து காடு தொடங்கியது. கொழும்பிலிருந்து திரும்பும்போதெல்லாம் இந்த இடத்தில் எனக்கு ஒரு நிம்மதி வரும். என் ஊரில் மலேரியா, பாம்பு, யானை. எதிரே வருவது இன்னதென்று தெரியும். அன்று அந்த நிம்மதி வரவில்லை. மருந்துச்சாலைக்கு வந்து சேர்ந்தபோது வாசலில் காய்ச்சல்காரர் பதினேழு பேர் இருந்தார்கள். பெட்டியை உள்ளே வைத்துவிட்டு நேரே போய்க் கொயினா மருந்து ஊற்றத் தொடங்கினேன்.

சவிரிமுத்துவின் கடிதம் ஆனி மாதம் வந்தது. இராசதுரை சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். கமலாவின் கலியாணம் நடந்த ஐந்தாம் நாள் பூரணத்திடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் ஒரு பகலும் ஓர் இரவும் அவனோடு பேசவில்லையாம். மறுநாள் காலை தானே புடவை மாற்றிக்கொண்டு வந்து, போவோம் என்றாளாம். கொட்டாஞ்சேனையில் சவிரிமுத்துவையும் சேர்த்துக்கொண்டு மூவரும் தோணி ஏறினார்கள். கடிதத்தின் கடைசிப் பகுதியை அப்படியே தருகிறேன்.

"வாசலில் இராசதுரை நின்றுவிட்டான், உள்ளே வரவில்லை. பூரணம் நேரே போய் அருளம்பலத்தின் கால்மாட்டில் நிலத்தில் இருந்தாள். அதற்கு இரண்டு கிழமைக்கு முன்பே அவனுக்கு வெளிச்சம்கூடத் தெரியாமல் போய்விட்டது. நீ வந்து போனதற்குப் பிறகு கொஞ்ச நாள் தினமும் அந்த மரத்தடியைப் பார்த்தபடி நாற்காலியைப் போடச்சொல்லி இருந்தான். பிறகு அதையும் விட்டுவிட்டான். அவள் 'அண்ணை' என்றதும் சத்தம் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினான். அவள் அவன் கை இரண்டையும் எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு அழுதாள். அவன் கொஞ்ச நேரம் பொறுத்திருந்துவிட்டு, 'பூரணம், ஏன் எட்ட நிக்கிறாய்? பயமோ?' என்று கேட்டான். 'அவள் உன் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே இருக்கிறாள்' என்று நான்தான் அவனுக்குச் சொன்னேன்."

கடிதத்தை மருந்துச்சாலை மேசையில் வைத்து இரண்டாம் முறை படித்தேன். வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள். கலியாணம் குலையவில்லை, கமலா நல்ல இடத்தில் வாழ்கிறாள். நான் அன்று வாயைத் திறந்திருந்தால் அது குலைந்தும் இருக்கலாம். இதை எனக்கு நானே பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் அதன் பின்னால் இன்னொன்றும் வந்து நிற்கிறது. மாசியில் அவனுக்கு ஒரு கண் இருந்தது.